பேஸ் போடும் முன் மண்ணைப் பாருங்கள்: பயோமும் வேற்றுயிர்களும் வளங்களும்

தொழிற்சாலை கட்டி, அதை வேற்றுயிர்களிடமிருந்து காக்கும் ஃபேக்டோரியோ என்ற கணினி விளையாட்டில் நான் முதன்முதலாக நீண்ட நேரம் ஆடிய மேப் ஒரு மணல்வெளி. எங்கு பார்த்தாலும் சமதளம். வெட்ட மரம் இல்லை, சுற்றிப்போகக் குளம் இல்லை. கட்டடம் கட்ட இதைவிட வசதியான இடம் கிடைக்காது என்று நினைத்தேன். இரும்புத் தாதுமேல் வரிசையாகத் தாது தோண்டும் டிரில்களை நட்டு, உலைகளை எரியவிட்டு, மளமளவென்று பேஸை, அதாவது என் தளத்தை, விரித்தேன். கொஞ்ச நேரத்தில் மூன்று பக்கமிருந்தும் பைட்டர்கள் என்ற பூச்சி போன்ற வேற்றுயிர்கள் வரத் தொடங்கின. ஒரு பக்கத்து டரட்டுகளுக்கு, அதாவது தானாகச் சுடும் துப்பாக்கி மேடைகளுக்கு, தோட்டா நிரப்பி முடிப்பதற்குள் இன்னொரு பக்கம் டிரில்கள் நொறுங்கிக்கொண்டிருக்கும். அடுத்த ஆட்டத்தில் எந்த அமைப்பையும் மாற்றவில்லை, மேப்பை உருவாக்கும் சீட் எண் மட்டும் வேறு. அங்கே பேஸுக்கும் பைட்டர்களின் கூடுகளுக்கும் நடுவில் அடர்ந்த காடு நின்றது. ஏறக்குறைய அதே அளவு டிரில், அதே அளவு உலை. தாக்குதல் வந்ததே வெகு நேரம் கழித்துத்தான், அதுவும் இரண்டு மூன்று பைட்டர்களாக.

எதிரி அதே எதிரிதான். மண்தான் வேறு. அன்றிலிருந்து எந்த வியூக விளையாட்டைத் திறந்தாலும் முதல் கட்டடத்தை வைக்கும் முன் தரையைப் படிப்பதைப் பழக்கமாக வைத்திருக்கிறேன். புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் எதிரியின் பலத்தையும் ஆயுதங்களின் பட்டியலையும் மனப்பாடம் செய்கிறார்கள். அதற்கு முன்னால் கற்க வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம்.

நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்த நிலத்தில் திரியும் விலங்கும் நிற்கும் மரமும் செய்யும் தொழிலும் கருப்பொருள் என்று தமிழில் ஒரு பழைய பகுப்பு உண்டு. நிலத்தைச் சொல்லிவிட்டால் மற்றவை தாமாக வந்துவிடும். நல்ல வியூக விளையாட்டுகளில் பயோமும், அதாவது நிலவகையும், இப்படித்தான் வேலை செய்கிறது. எந்த உயிர் எங்கே கூடு கட்டும், எந்தத் தாது எங்கே கிடைக்கும், நீங்கள் எவ்வளவு வேகமாக நகரலாம் என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது.

முதலில்: இந்த பயோம் விதியா, வெறும் வண்ணமா?

எல்லா விளையாட்டிலும் தரைக்கு வேலை இருக்காது. 1998இல் வந்த ஸ்டார்கிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்லாண்ட்ஸ் நிலத்தில் ரைனடான் என்ற விலங்கு திரியும், காட்டில் பெங்கலாஸ், பனியில் உர்சடான். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அவை யாரையும் தாக்குவதில்லை, வளமும் தருவதில்லை. காடாக இருந்தாலும் பனியாக இருந்தாலும் ஒரு தொழிலாளி ஒரு நடைக்குக் கொண்டுவருவது அதே 8 மினரல்தான். அங்கே உயரமும் குறுகிய வழியும் முக்கியம். மண்ணின் நிறம் முக்கியமில்லை.

ஆகவே ஒரு புதிய விளையாட்டில் நுழைந்ததும் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். கர்சரைப் புல்தரைமேல் வையுங்கள், பிறகு மணல்மேல், பிறகு சதுப்புமேல். உணவு, தாது, நகரும் செலவு, வெப்பம் என்று ஏதாவது ஓர் எண் மாறினால் அங்கே பயோம் ஒரு விதி. எண் எதுவும் காட்டாவிட்டால் உள்ளே இருக்கும் கலைக்களஞ்சியத்தைத் திறந்து, ஓர் உயிரினத்தின் பக்கத்துக்குப் போங்கள். வாழிடம் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா, எதை உண்கிறது, எதனால் கோபப்படுகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஆடத் தொடங்கினால் அதே விஷயத்தைப் பல மணி நேரம் செலவழித்துக் கற்க வேண்டிவரும்.

ஆட்டம் தொடங்கும் முன்: உங்களுக்குத் தோதான நிலம்

பல விளையாட்டுகள் நிலத்தை உங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. புதியவர்கள் அந்தத் திரையை ‘சரி, சரி’ என்று தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கேதான் பாதி ஆட்டம் முடிவாகிறது.

ஒரு சிறு குழுவைக் குடியேற்றி வாழவைக்கும் ரிம்வேர்ல்டில் உலக வரைபடத்தில் ஒரு கட்டத்தைக் கிளிக் செய்தால் அந்த இடத்தின் பயோம், பயிர் வளரும் காலம், வெப்பநிலை, நோய் எவ்வளவு அடிக்கடி வரும், தரை சமதளமா மலையா, என்னென்ன கல்வகை என்று எல்லாம் வந்துவிடும். வெப்பமண்டல மழைக்காடு முதல் பார்வையில் சொர்க்கம் போல இருக்கும்: வருடம் முழுக்க விளைச்சல், நிறைய மரம், நிறைய வேட்டை. ஆனால் நோயும் அங்கேதான் அதிகம். நல்ல மருத்துவர் இல்லாத குழு அங்கே தாக்குப்பிடிப்பது கடினம். பனிப்படலத்தில் பயிரிட மண்ணே கிடையாது. முதல் ஆட்டத்துக்கு மிதவெப்பக் காட்டைத் தேர்ந்தெடுங்கள் என்றே நான் சொல்வேன். அது சலிப்பான தேர்வு இல்லை. எது இயல்பு என்று கண்ணுக்குப் பழகினால்தான் மற்ற நிலங்களில் எது குறைகிறது என்று தெரியும்.

ஃபேக்டோரியோவில் ஈரப்பதம், மரங்களின் அளவு, தண்ணீர், பாறைச்சரிவு, தாதுத் திட்டுகளின் அளவு, செறிவு, எதிரிக் கூடுகளின் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் ஸ்லைடர்கள் உண்டு. மேப்பின் முன்னோட்டமும் காட்டும். புதியவர்கள் எதிரியின் ஸ்லைடரைத்தான் குறைப்பார்கள். அதைத் தொடாமல் மரத்தையும் தொடக்கப் பகுதியின் அளவையும் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். எதிரி முழு பலத்தோடு இருப்பான், ஆனால் உங்களுக்குக் கற்க நேரம் கிடைக்கும். ரயில் உலகம் என்ற பிரிசெட்டில், அதாவது தயார் அமைப்பில், தாதுக்கள் வெகு தூரத்துக்கு ஒன்றாக இருக்கும், அழித்த இடத்தில் பைட்டர்கள் மறுபடி வந்து குடியேறுவதில்லை. நிதானமாக ஆட விரும்புபவர்களுக்கு அது பிடிக்கும். மரண உலகம் என்பதைப் பெயரைப் பார்த்தே தள்ளிவையுங்கள், கொஞ்ச நாளைக்கு.

ஸ்டெல்லாரிஸ் மாதிரி விண்மீன் அளவில் நடக்கும் ஆட்டங்களில் இதே விஷயம் ஒரு சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. உங்கள் இனத்துக்குப் பிடித்த வகைக் கோள் என்றால் வாழத்தகு அளவு 80%, அதே தட்பவெப்பக் குடும்பத்துக் கோள் 60%, மற்றவை 20%. பாலைவன இனம் சவன்னாவில் ஓரளவு சமாளிக்கும், கடல் கோளில் திணறும். இதைத் தாண்டி அங்கே தொடக்கத்தில் ஆராய அதிகமில்லை.

மண் என்ன வேலை செய்கிறது: கிட்டே போய்ப் பார்ப்போம்

இப்போது ஃபேக்டோரியோவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பயோமும் எதிரியும் எப்படிக் கோத்திருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் விளையாட்டை நான் ஆடியதில்லை.

இந்த மேப் 32×32 ஓடுகள் கொண்ட சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் எந்திரங்கள் வெளியிடும் மாசு, அவை நிற்கும் சதுரத்தில் சேர்ந்து நான்கு பக்கமும் பரவும். போகும் வழியில் தரையும் மரங்களும் அதை உறிஞ்சும். புல்தரை மணலைவிட அதிகமாக உறிஞ்சும், மரம் அதைவிடவும். மிச்சமிருப்பது கூட்டை எட்டினால் கூடு அதை உண்டு தாக்குதல் படையாக மாற்றும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு மின்சார டிரில் நிமிடத்துக்கு 10 அலகு மாசு வெளியிடுகிறது. நிலக்கரி எரிக்கும் கொதிகலன் ஒன்று 30. இயல்பான அமைப்பில் ஒரு சின்ன பைட்டர் படையில் சேர 4 அலகு போதும். வழியில் எதுவும் உறிஞ்சாவிட்டால், ஒரே ஒரு டிரில்லின் புகை நிமிடத்துக்கு இரண்டுக்கும் மேற்பட்ட பைட்டர்களைக் கிளப்பிவிடும். இருபது டிரில் நட்டால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். மணல்வெளியில் என் பேஸ் ஏன் மூன்று பக்கமும் அடிவாங்கியது என்பதற்கு விடை இந்த எண்களில்தான் இருக்கிறது. காட்டு மேப்பில் அதே புகை பாதி வழியிலேயே மரங்களில் தங்கிவிட்டது.

இதிலிருந்து செய்ய வேண்டியவை நேரடியாக வருகின்றன. மேப்பைத் திறந்து மாசு காட்டும் பட்டனை அழுத்துங்கள். சிவப்பு மேகம் தெரியும். அது எந்தத் திசையில் நீள்கிறது, எந்தக் கூட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். முதல் டரட்டுகளை மேகம் முதலில் தொடப்போகும் கூட்டின் பக்கம் வையுங்கள். எல்லாப் பக்கமும் சுவர் எழுப்ப ஆரம்பத்தில் இரும்பும் இருக்காது, நேரமும் இருக்காது.

அடுத்தது மரம். பேஸுக்கும் கூட்டுக்கும் இடையில் நிற்கும் காட்டைத் தொடாதீர்கள். இடம் வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். கையெறி குண்டு போட்டுக் காட்டை அழிப்பது எவ்வளவு வேகமாக இருந்தாலும், பின்னால் அந்தப் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு தாக்குதலுக்கும் அதுதான் காரணமாக இருக்கும். ரொம்ப நாள் மாசு படிந்த மரங்கள் இலை உதிர்ந்து வெளிறிப்போவதைக் கவனியுங்கள். அப்படித் தெரிந்தால் அந்தப் பக்கத்துக் காடு களைத்துவிட்டது, டரட் வைக்கும் நேரம் வந்துவிட்டது.

மணலில்தான் மாட்டிக்கொண்டீர்கள் என்றால் என்ன செய்வது? மேப்பை விட்டு ஓட வேண்டியதில்லை. மாசை உற்பத்தியாகும் இடத்திலேயே குறைக்கலாம். மின்சார டிரில்லில் மாட்யூல் என்ற துணைக்கருவி போட மூன்று இடங்கள் உண்டு. முதல் நிலைச் சிக்கன மாட்யூல் ஒவ்வொன்றும் மின்செலவை 30% குறைக்கும். மூன்று போட்டால் 90% வர வேண்டும், ஆனால் குறைப்புக்கு 80% என்று உச்சவரம்பு இருக்கிறது. அதோடு மாசும் குறையும்: நிமிடத்துக்கு 10 வெளியிட்ட டிரில் 2 மட்டும் வெளியிடும். காடு செய்திருக்கும் வேலையை மாட்யூல் செய்கிறது. புதியவர்கள் இந்தப் பச்சை மாட்யூலை ஏனோ திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, வேக மாட்யூலின் பின்னால்தான் ஓடுகிறார்கள். பாலைவனத்தில் இதைப் போல உதவும் பொருள் வேறில்லை.

தண்ணீரும் பாறைச்சரிவும் இன்னொரு வேலை செய்கின்றன: தடுக்கின்றன. பைட்டர்களால் ஏரியைக் கடக்க முடியாது. இரண்டு ஏரிகளுக்கு நடுவில் இருபது ஓடு அகலத்தில் ஒரு நிலவழி இருந்தால் அந்தப் பக்கத்துப் பாதுகாப்பு முழுவதையும் அங்கே குவிக்கலாம். தொடக்கத்தில் மேப்பைச் சுற்றிப்பார்க்கும்போது தாதுவை மட்டும் குறித்துக்கொள்ளாமல் இப்படிப்பட்ட இடுக்குகளையும் குறித்துவையுங்கள்.

கூட்டை அழிக்கப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கூட்டைச் சுற்றிப் புழுக்கள் இருக்கும். சின்னப் புழு எச்சில் உமிழும் தூரம் 25 ஓடு, துப்பாக்கி டரட் சுடும் தூரம் 18. டரட்டைத் தூரத்தில் வைத்துவிட்டுச் சும்மா நின்றால் புழு அடித்துக்கொண்டே இருக்கும், டரட் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்று, டரட்டுகளை வேகமாகக் கிட்டே கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் கூட்டை அப்படியே விட்டுவிட வேண்டும். விட்டுவிடுவது பல நேரம் நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு கூட்டையும் அழிக்கும்போது எதிரியின் பரிணாம அளவு கொஞ்சம் ஏறுகிறது. அது 0.5 தாண்டினால் பெரிய பைட்டர்கள் வரும், 0.9 தாண்டினால் அவற்றைவிடப் பெரிய பெகிமாத் வகை. மேகம் எட்டாத தூரத்தில் இருக்கும் கூட்டால் உங்களுக்கு உடனே ஒரு கெடுதலும் இல்லை. அதன் நடுவில் உங்களுக்கு வேண்டிய தாது இருந்தால் மட்டும் போங்கள்.

நல்ல வளம் எங்கே, கூடு அங்கே

விளையாட்டை வடிவமைப்பவர்கள் வேண்டுமென்றே செய்யும் ஒன்று இது. மிக விலையுயர்ந்த பொருளை மிக ஆபத்தான நிலத்தில் வைப்பார்கள். இதைப் புரிந்துகொண்டால் மேப்பைத் தலைகீழாகவும் படிக்கலாம்: கூடுகள் அடர்த்தியாக இருக்கும் இடத்தைப் பார்த்ததும், அங்கே என்ன இருக்கிறது என்று தேடத் தோன்றும்.

2014இல் வந்த சிவிலைசேஷன்: பியாண்ட் எர்த் இதற்கு நல்ல உதாரணம். செழிப்பு, வறட்சி, பூஞ்சை என்று கோள்களுக்கு மூன்று பயோம்கள். 2015இல் வந்த ரைசிங் டைட் விரிவாக்கத்தில் ஆதிநிலை, உறைபனி என்று இரண்டு சேர்ந்தன. அங்கே செனோமாஸ் என்று ஒரு வளம் உண்டு. வேற்றுயிர்களோடு இணங்கி வாழும் ஹார்மனி வழியில் போகிறவர்களுக்கு அதுதான் உயிர்நாடி. வேற்றுயிர்க் கூடுகளும் அதை ஒட்டித்தான் பெரும்பாலும் முளைக்கும். ஃபிராக்சைட், ஃப்ளோட்ஸ்டோன் என்ற மற்ற வளங்களைத் தேடுபவர்களுக்கு இந்தத் தலைவலி அந்த அளவுக்கு இல்லை. ஆக, எந்த வழியில் போகப்போகிறீர்கள் என்று முடிவு செய்யும்போதே எத்தனை கூடுகளோடு அக்கம்பக்கமாக வாழப்போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்கிறீர்கள்.

அதே விளையாட்டில் மயாஸ்மா என்ற பச்சை நச்சுப்புகை சில கட்டங்களில் தங்கியிருக்கும். அதில் டர்னை, அதாவது தன் ஆட்டமுறையை, முடிக்கும் மனிதப் படைக்கு 10 உயிர்ப்புள்ளி குறையும். வேற்றுயிருக்கோ அங்கே காயம் ஆறும். ஒரே கட்டம், இரண்டு பேருக்கும் எதிரெதிர் விளைவு. ஆகவே காயம்பட்ட வுல்ஃப் பீட்டில் என்ற வேற்றுயிர் மயாஸ்மாவுக்குள் ஓடினால் துரத்தாதீர்கள். வெளியே நில்லுங்கள், அது திரும்பி வரும்போது அடியுங்கள். பாதையைத் திட்டமிடும்போது டர்ன் எங்கே முடிகிறது என்று பாருங்கள்; ஒரு கட்டம் தள்ளி நின்றாலே பல நேரம் தப்பிக்கலாம்.

முதல் இருபது முப்பது டர்ன்களில் அங்கே வேற்றுயிர்களைச் சும்மா சுட்டுத்தள்ளாமல் இருப்பது நல்லது. நீங்கள் கொல்லக் கொல்ல அவற்றின் பகை கூடும். அல்ட்ராசானிக் வேலி கட்டிய நகரத்தின் பக்கம் இரண்டு கட்டத் தூரத்துக்கு அவை வராது. அதை முதல் நகரத்தில் சீக்கிரம் கட்டிவிட்டு, ஆராய்ச்சியாளரை அனுப்பி நிலத்தைப் பாருங்கள்.

ரிம்வேர்ல்டில் மலைப்பகுதி இதே மாதிரி. மலையைக் குடைந்தால் எஃகும் தங்கமும் ஜேடும் கிடைக்கும், எதிரி வரும் வாசலும் குறுகலாக இருக்கும். ஆனால் தலைக்குமேல் தடித்த மலைக்கூரை இருக்கும் இடத்தில்தான் பூச்சிப் பூதங்கள் திடீரென்று தரையைப் பிளந்துகொண்டு வரும். கதைப்படி அவை வேற்றுக்கிரகத்தவை இல்லை, மரபணு மாற்றி உருவாக்கியவை. ஆனாலும் நள்ளிரவில் படுக்கையறைக்குள் வந்து நிற்கும்போது அந்த வேறுபாடு யாருக்கும் பெரிதாகத் தெரியாது. மலையை முழுவதும் குடையாமல் ஓரத்தில் மட்டும் குடைந்து, படுக்கையறைகளை வெளியே கட்டுங்கள். உள்ளே கிடங்கு மட்டும் போதும்.

ரிஃப்ட்பிரேக்கரில் கலாட்டியா 37 என்ற கோளின் ஒவ்வொரு நிலமும் ஒவ்வோர் அரிய தாதுவைத் தருகிறது. கதிரியக்கப் பாலைவனத்துக்குப் போகாமல் யுரேனியம் கிடைக்காது. காட்டில் நன்றாக ஓடிய அதே பேஸ் வரைபடத்தை அங்கே அப்படியே ஒட்டினால் ஓடாது. அடுத்த நிலத்துக்குப் போகும் முன் அங்கே திரியும் உயிர்களுக்கு எந்த வகை ஆயுதம் ஒத்துவராது என்று படித்துவிட்டுப் போவதுதான் மிச்சமுள்ள பாடம்.

மழையும் உயரமும்

1999இல் வந்த ஆல்ஃபா சென்டாரி பழைய விளையாட்டுதான். ஆனால் நிலம் ஏன் அப்படி இருக்கிறது என்று கற்றுக்கொடுப்பதில் இன்றைக்கும் அதற்கு ஈடு குறைவு. ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று குணங்கள்: மழை, பாறைத்தன்மை, உயரம். மழை நிறைய என்றால் 2 உணவு, நடுத்தரம் என்றால் 1, வறண்டால் ஒன்றுமில்லை. பாறை தாதுவைக் கொடுக்கும். முழுப் பாறையாக இருந்தால் பயிர் போட முடியாது. உயரம் கூடக் கூடச் சூரியத் தகடுகளின் ஆற்றல் கூடும், 1000 மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில்.

அங்கே காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மழை கொட்டும், கிழக்குச் சரிவு காய்ந்து கிடக்கும். அதனால் முதல் நகரத்தை மலையின் மேற்கே வையுங்கள். கிழக்கே மாட்டிக்கொண்டால் காடு நடுங்கள். மழை பெய்யாத கட்டத்திலும் காடு 1 உணவு, 2 தாது, 1 ஆற்றல் தரும். தானாகப் பக்கத்துக் கட்டங்களுக்குப் பரவவும் செய்யும்.

இளஞ்சிவப்புப் பூஞ்சை படர்ந்த கட்டங்களைக் கண்டால் மட்டும் கவனமாக இருங்கள். மனப்புழுக்கள் வருவது அங்கேயிருந்துதான். உங்கள் துப்பாக்கி எவ்வளவு பலமானது என்பது அவற்றின்முன் செல்லாது. படையின் மனவுறுதியே பேசும். நிலப்போரில் யார் முதலில் பாய்கிறாரோ அவருக்கு 3:2 என்று சாதகம் உண்டு. ஆகவே புழு பக்கத்தில் வந்துவிட்டது என்றால் காத்திருக்காமல் நீங்களே பாயுங்கள். தொழிலாளர் படையைப் பூஞ்சைக்குப் பக்கத்தில் தனியாக விடாதீர்கள். அப்புறம், தொழிற்சாலைகளை அளவுக்குமீறிப் பெருக்கினால் அந்தக் கோள் பூஞ்சையைப் பெருக்கியே பதில் சொல்லும். மாசுக்கும் எதிரிக்கும் உள்ள உறவை இந்த விளையாட்டு அப்போதே எழுதிவைத்துவிட்டது.

வேறு நிலத்துக்குப் போகும்போது

ஓரளவு கற்றுத்தேர்ந்தவர்கள் தவறுவது இங்கேதான். முதல் நிலத்தில் சரியாக இருந்த விதியைச் சுமந்துகொண்டு இரண்டாவது நிலத்துக்குப் போய்விடுவார்கள். 2024 அக்டோபரில் வந்த ஃபேக்டோரியோவின் ஸ்பேஸ் ஏஜ் விரிவாக்கம், வேறு கோள்களுக்கு அனுப்பி, இதை வேண்டுமென்றே சோதிக்கிறது.

வல்கேனஸ் எரிமலைக் கோள். மாசு அங்கே யாரையும் எழுப்பாது. டெமாலிஷர் என்ற பிரம்மாண்டமான புழுக்கள் ஆளுக்கொரு எல்லை வகுத்து வாழ்கின்றன. எல்லைக்குள் கட்டடம் எழுப்பாத வரை அவை உங்களைச் சீண்டாது. ஆனால் டங்ஸ்டன் தாதுத் திட்டுகள் அந்த எல்லைகளுக்குள்ளேதான் கிடக்கின்றன. ஆகவே இங்கே புகையைக் குறைக்க மெனக்கெடாதீர்கள். மேப்பில் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள், எந்தப் புழு சின்னது என்று பாருங்கள், அதன் எல்லைக்குள் நுழைய வேண்டிய ஆயுதத்தை முழுதாகச் சேர்த்துவிட்டுப் போங்கள். அதன் உடம்பு அடிபட்ட வேகத்திலேயே ஆறிக்கொண்டிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக் கொல்லலாம் என்ற கணக்கு பலிக்காது.

கிளேபா சதுப்பு நிலக் கோள். அங்கே பென்டபாட் என்ற எதிரி உயிர்களை இழுப்பது அறுவடையின்போது கிளம்பும் வித்துத்தூள். இரும்புத் தாதுத் திட்டே தரையில் கிடையாது. யுமாகோ, ஜெல்லிநட் என்ற இரண்டு செடிகளை வளர்த்துத்தான் எல்லாம். அவையும் தமக்கு உரிய மண்ணில் மட்டுமே முளைக்கும். பறித்த பழம் கெட்டுப்போகும். ஆகவே அங்கே சேர்த்துவைப்பது நஷ்டம், ஓடவிடுவது லாபம். ஃபல்கோரா என்ற கோளில் எதிரியே இல்லை, ஆனால் இரவெல்லாம் இடி விழும். இடிதாங்கி வைக்காமல் கட்டிய எதுவும் காலையில் மிஞ்சாது. சூரிய ஒளி அங்கே தொடக்கக் கோளான நாவிஸில் கிடைப்பதில் 20% தான், வல்கேனஸில் 400%. தகடுகளைக் கப்பலில் ஏற்றும் முன் இந்த இரண்டு எண்களையும் பார்த்திருந்தால் எனக்கு ஒரு முழு மாலை மிச்சமாகியிருக்கும்.

புதிய நிலத்தில் இறங்கியதும் நான் என்னையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்வது வழக்கம். இங்கே உயிர்களைக் கிளப்புவது எது: புகையா, எல்லை மீறலா, அறுவடையா, சத்தமா? அதைத் தடுக்கவோ உறிஞ்சவோ தரையில் என்ன இருக்கிறது? போன நிலத்தில் இலவசமாகக் கிடைத்த எது இங்கே கிடைக்காது? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லாரும் மறப்பார்கள். தண்ணீர், மரம், சூரிய ஒளி மாதிரி கண்ணில் படாமலே பயன்படுத்தியவை இல்லாதபோதுதான் பேஸ் நின்றுபோகும்.

முதல் அரை மணி நேரம்

சரி, இதையெல்லாம் ஓர் ஆட்டத்தில் எப்படிக் கோப்பது? நான் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

இறங்கியதும் ஒன்றும் கட்டாமல், அல்லது நிறுத்திவைக்கும் வசதி இருந்தால் நிறுத்திவிட்டு, தெரியும் அளவு மேப்பை முழுக்கப் பார்க்கிறேன். தண்ணீர், காடு, இடுக்கு, தாது, கூடு. இந்த ஐந்தையும் மேப்பிலேயே குறியிட்டுவிடுவேன். பெரும்பாலான விளையாட்டுகளில் குறியிடும் வசதி இருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு தாள் போதும். பிறகு ஒரே ஓர் ஒற்றர் படையை அல்லது என் பாத்திரத்தையே ஒரு வட்டம் சுற்ற அனுப்புவேன். சண்டை போட அல்ல, எந்த நிலத்தில் எந்த உயிர் நிற்கிறது என்று பார்க்க.

அடுத்து பேஸின் இடம். தாதுவுக்கு மிக அருகில் என்று முடிவெடுக்காமல், கூட்டுக்கும் எனக்கும் நடுவில் ஏதாவது ஒன்று நிற்கும் இடமாகப் பார்ப்பேன்: காடு, ஏரி, பாறைச்சரிவு, எதுவானாலும் சரி. தாதுவுக்குக் கொஞ்சம் அதிகத் தூரம் பெல்ட் போட வேண்டிவரும்; போட்டுவிடலாம். பெல்ட் மலிவு.

பிறகு புகையோ சத்தமோ கிளப்பும் எந்திரங்களைக் கூடு இல்லாத பக்கத்துக்குத் தள்ளுவேன். ஃபேக்டோரியோவில் கொதிகலன்கள் தண்ணீர்ப் பக்கம்தான் போக வேண்டும். ஏரிக்கு இரண்டு கரை இருந்தால் காடு இருக்கும் கரை. பாதுகாப்புக்கு முதல் நான்கு டரட்டுகள், அதுவும் ஒரே திசையில்.

இவ்வளவும் முடிந்தபின் ஒரு சேவ் எடுங்கள். அதற்கு நிலத்தின் பெயரையே வையுங்கள்: ‘கிழக்கே காடு, தெற்கே இடுக்கு’ என்பது மாதிரி. ஆட்டம் எங்காவது சறுக்கினால் அந்த சேவை லோட் செய்து, பேஸை மட்டும் வேறு இடத்தில் போட்டு அதே அரை மணி நேரத்தை இன்னொரு முறை ஆடிப்பாருங்கள். ஒரு முறை மணல் பக்கம், ஒரு முறை காட்டுப் பக்கம். இரண்டு முறையும் மாசு மேகத்தைத் திறந்து, எந்தக் கூட்டை எத்தனையாவது நிமிடத்தில் தொட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள்.